விட்டால் உருளும் வண்டி

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் வீதியில் கடுகண்ணாவை இறக்கத்தைக் கடந்தவர்களுக்கு, பாரமான வாகனமொன்றை நிறுத்துவது எத்துணை பெரும்பாடு என்பதை நான் விளக்கத் தேவையில்லை. லெகோ கட்டைகளால் ஆன, மோட்டார் பூட்டிய விளையாட்டு வண்டியிலோ சிக்கல் நேர்மாறானது. விசையை விட்ட கணமே, கயிறு இழுத்த கன்றுக்குட்டிபோல் அது வெடுக்கென நின்றுவிடுகிறது.

காரணம் எளியது. மோட்டார் மிக வேகமாகச் சுழல்வது. பற்சக்கரங்களால் அவ்வேகத்தைக் குறைத்து, வலுவைக் கூட்டிச் சக்கரத்துக்கு அனுப்புகிறோம். மின்சாரம் நின்றதும், உருளும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றவேண்டிய நிலை வருகிறது. மோட்டாரின் அற்ப உராய்வுகூட அதே பற்சக்கரங்களால் பன்மடங்காகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சில நூறு கிராம் எடையுள்ள வண்டிக்கு அதை மீறி உருளும் உந்தம் ஏது? இடையில் திருகுப் பற்சக்கரம் இருந்துவிட்டாலோ பேச்சுக்கே இடமில்லை; சக்கரத்தால் அதைத் திருப்பவே முடியாது.

பேராதனையில் வசிக்கும் என் பேரன், தான் கட்டிய பஸ் வண்டியைக் காட்டி, "நிஜ பஸ் இப்படியா தாத்தா நிற்கும்?" என்றான். நியாயமான கேள்வி.

வழிகள் உண்டு. நிரலால் இயக்கும் மோட்டார்களுக்குப் பைபிரிக்ஸ் மென்பொருளில் மூன்று வித நிறுத்தங்கள் இருக்கின்றன: மின்சாரத்தை நீக்கிச் சும்மா விடுவது, தடுப்பது, இருந்த இடத்திலேயே இறுகப் பிடிப்பது. முதலாவதையே தெரிவுசெய்ய வேண்டும். வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது இன்னும் இலகு. ஆனால் அது உருள்வதுபோன்ற நடிப்பே. உண்மையாக உருளவேண்டுமெனில், மிதிவண்டியின் பின்சக்கரத்தில் உள்ளதுபோல் ஒருபக்கம் மட்டும் பற்றும் பொறியைச் சக்கரத்தருகே வைக்கவேண்டும். பின்னோக்கி ஓட்ட முடியாது என்பது அதன் குறை. எனினும் என் வாக்கு அதற்கே. பேரனின் பஸ்ஸும் இப்போது சமதரையில் அழகாக உருண்டு நிற்கிறது.

ஆனால் அவனிடம் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. அவன் குறையென்று கருதிய அந்தப் பிடிமானம்தான் நிஜ பஸ்ஸை மலையிறக்கத்தில் காப்பது. தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்கள் இயந்திரத்தைச் சுழற்றவேண்டியிருப்பதால் வேகம் கட்டுப்படுகிறது. டீசலை மிச்சம்பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு இறங்கும் சாரதி, முழுப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் சுமத்துகிறார். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. 'பிரேக் செயலிழந்ததால்' என்ற சொற்களைச் செய்தியறையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அச்சொற்களுக்கு முன் அந்த இறக்கத்தில் கியர் எங்கே இருந்தது என்பது செய்தியில் அநேகமாக வந்ததேயில்லை.

இத்தனைக்கும் அந்த மிச்சமும் பெரும்பாலும் பொய். மின்னணுக் கட்டுப்பாடுள்ள இன்றைய இயந்திரங்கள், கியரில் இறங்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால் எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான், இயந்திரம் அணையாதிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வருகின்றன.