காற்றின் கணக்கு

என் அக்காவின் மகனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் அக்கா சற்றுத் தயங்குவாள். "ஃபாக்டரியிலே காத்து ஒழுகுதான்னு பார்க்கிறானாம்" என்பாள், தாழ்ந்த குரலில். இதைக் கேட்டுவிட்டு, காபியை முடித்த கையோடு எழுந்து போன பெண் வீட்டார் இதுவரை இரண்டு பேர்.

"நீ போய்ச் சொல்லுடா, வேறே வேலை பார்க்கச் சொல்லு. நாலு புஸ்தகம் எழுதினவன், உன் பேச்சைக் கேட்பான்" என்று என்னை அனுப்பினாள்.

போனேன். பெங்களூர் நெடுஞ்சாலையில், 1998 முதல் ஹூண்டாய் கார்கள் பிறந்துகொண்டிருக்கும் ஊர் அது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பையனும் அவன் சகாக்களும் பெயின்ட்பால் ஆடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

காற்றுத் துப்பாக்கியால் சாயக் குண்டு சுடும் விளையாட்டு அது. சட்டையில் சாயம் பட்டவன் வெளியே போகவேண்டும். மரங்களிலும் மாடுகளிலும் அடையாளமிடச் செய்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு, 1981இல் அமெரிக்காவில் 12 பேர் ஆரம்பித்து வைத்தார்களாம். நான் வேலியோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

எல்லோருக்கும் ஒரே அளவுப் புட்டியில்தான் காற்று. ஆனால் 'படார் படார்' என்று ஊரைக் கூட்டிய ஒருவனுடைய துப்பாக்கி பாதியிலேயே மூச்சை விட்டது. எங்கள் பையனுடையதோ கடைசிவரை சுட்டது.

"அதெப்படி?" என்று டீ குடிக்கும்போது கேட்டேன்.

"குண்டு 3 கிராம்தான் மாமா. விநாடிக்கு 300 அடிக்கு மேல் போக விடமாட்டார்கள். ஆகவே எந்தத் துப்பாக்கியானாலும் குண்டுக்குப் போய்ச்சேரும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் குண்டைத் தள்ளாத காற்றில் இருக்கிறது. குண்டு குழலில் தொளதொளவென்று கிடந்தால் காற்று பக்கவாட்டில் முந்திக்கொண்டு ஓடிவிடும். வால்வு மூடத் தாமதித்தால், குண்டு போனபிறகும் அதைத் துரத்திக்கொண்டு காற்று ஓடும். சில துப்பாக்கிகள் அடுத்த குண்டுக்குத் தயாராகவும் அதே காற்றையே செலவழிக்கும். அந்தப் பெரிய சத்தம் இருக்கிறதே, அது வீணான காற்றின் சத்தம்."

எனக்குச் சில மேடைப் பேச்சாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். என் முதல் நாவலும் நினைவுக்கு வந்தது.

"ஃபாக்டரியிலும் இதே கதைதான்" என்றான். "மின்சாரத்தைக் கொட்டிக் காற்றை அழுத்துகிறோம். அதில் பெரும்பகுதி சூடாகவே போய்விடுகிறது. மிஞ்சின காற்றிலும், கவனிப்பில்லாத இடங்களில் 100க்கு 20, 30 பங்கு கசிந்து தொலைகிறது. காற்றுதானே, யாருக்கு வலிக்கிறது? மெஷின்கள் ஓடும்போது காதில் விழாது. எல்லாம் நின்ற பிறகு போனால், கூரை முழுக்கப் பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு சீறலாகத் தேடிப் பிடித்து அடைப்பேன். மூன்று கம்ப்ரஸர் ஓடின இடத்தில் இப்போது இரண்டுதான் ஓடுகிறது, மாமா."

அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், நடுவில் எழுந்து போய், கொதி வந்துவிட்ட குழம்புக்கு அடியில் காஸைக் குறைத்தாள். நாற்பது வருஷமாகக் கை தானாகச் செய்கிற காரியம். அடுத்த வீட்டைவிட அவள் வீட்டில் சிலிண்டர் பத்து நாள் கூடவே வரும். இதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை; நானும்தான்.

"உன் பிள்ளை பார்க்கிற வேலை இதுதான் அக்கா" என்றேன்.

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது பெண் வீட்டார் வருகிறார்கள். பையனுக்கு என்ன வேலை என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள். அக்கா எந்தக் குரலில் பதில் சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காகவே நானும் போகப்போகிறேன்.