வடகடலும் தென்கடலும்

பாம்பன்காரனுக்கு ரெண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. லீவுக்குப் போனால், டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடும் அண்ணனிடம் கயாக் கேட்டு வாங்கி, எது அமைதியோ அதில் இறங்குவேன். ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் அப்படியே தலைகீழ்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கரையில் சும்மா நிற்கும். போன தடைக்காலத்தில் ஜாலியாகச் சுற்றிவிட்டுக் கரையேறினேன். வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா, "எங்களுக்குத்தான் பூட்டு. உனக்குத் திறந்திருக்கு போல" என்று சிரித்தார்.

என் செமஸ்டர் ஃபீஸை அவர் வட்டிக்கு வாங்கிக் கட்டியது அப்புறம்தான் தெரிந்தது. மூணு வருஷமா டெபிட், கிரெடிட் படிக்கிறேன்... வீட்டுக் கணக்கு தெரியவில்லை.

மறுநாள் கயாக் கேட்கப் போகவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வலை பொத்தினேன். பாதி முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டார் :)