வடித்த கஞ்சி

ஹாங்காங்கில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மெனு அட்டையில் ஆங்கிலத்தில் ‘காஞ்ஜி’ என்று போட்டிருந்தது. அங்குள்ள சீனர்கள் தங்கள் பேச்சில் அதை ‘ஜூக்’ என்கிறார்கள். ஆங்கிலப் பெயர்தான் நம்முடையது. அதைப் பார்த்ததும் மனசு திருவையாற்றுப் பக்கம், எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

சோறு பதமானதும் அம்மா பானை வாயில் வடிதட்டை வைத்து, கரித்துணியால் அணைத்துப் பிடித்துச் சாய்ப்பாள். கஞ்சி முதலில் மடமடவென்று இறங்கும், பிறகு நூலாக, பிறகு சொட்டுச் சொட்டாக. ஆற ஆற மேலே மெல்லிசாக ஆடை படியும். உப்புக்கல் போட்டு, மோர் விட்டு, முதல் டம்ளர் எனக்கு. தாத்தா வேட்டிக்கு ஒரு கிண்ணம். மிச்சம் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்கு. காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அதுதான் ஆகாரம்.

கஞ்சி என்ற சொல் ஆங்கில அகராதிக்குப் போன வழியிலும் தஞ்சாவூர் இருக்கிறது. அங்கே நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னல், அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்து 1880-இல் வெளியிட்டவர். ஹென்றி யூலோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து 1886-இல் வந்தது. கஞ்சியைத் தமிழ்ச் சொல் என்றே குறித்திருக்கிறார்கள். சோறு வடித்த நீர், நோயாளி ஆகாரம், சலவைத் துணிக்குப் போடும் பசை: எங்கள் அடுப்படியில் கண்ட மூன்றும் அதில் உண்டு. பட்டாளத்துக் காவல் அறைக்குக் ‘கஞ்சி வீடு’ என்று பேர் இருந்ததாம். உள்ளே கிடந்தவனுக்கு அதுதான் சாப்பாடு. அதற்கும் முன்னால், 1563-இல் கோவாவில் வந்த நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த கஞ்சியைப் பற்றிப் போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்டா எழுதியிருக்கிறார். எங்கள் பாட்டியின் பக்குவமும் அதேதான்.

ஹாங்காங்கில் கிண்ணத்தில் வந்தது குழையக் காய்ச்சிய அரிசி. ருசியாகவே இருந்தது. நான் தேடியது வடித்த கஞ்சி. அது இப்போது ஊரிலும் இல்லை. குக்கருக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுகிறோம், வடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அண்ணன் மகளுக்குத் தெரிந்தது நொய்க்கஞ்சி மட்டும்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது பரணில் அம்மாவின் வடிதட்டைத் தேடினேன். பழைய சாமான்களோடு எடைக்குப் போட்டாயிற்றாம். உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் போட்டுவிடாதீர்கள்.