எஞ்சிய இணை

இரட்டையர் என்றவுடன் தமிழ் பயில்வோர்க்கு இரட்டைப் புலவரே நினைவிற்கு வருவர். அவர்கள் பிறப்பால் இரட்டையர் அல்லர், உறவினர். கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்பது மரபுவழிச் செய்தி. ஒருவர் குறையை மற்றவர் நிறைத்த வாழ்வு அது. ஆனால், கருவறையிலேயே ஒருவர் மறைய, அம்மறைவே எஞ்சியவரைத் தாக்குகின்ற நிலையும் உண்டு. அதனை எம் இல்லத்திலேயே கண்டோம்.

எம் தங்கை இரட்டைக் குழவிகளைக் கருவுற்றிருந்தாள். ஆறாம் திங்களில் ஒன்றின் இதயத்துடிப்பு நின்றது. மற்றது ஆண்மகவாய்ப் பிறந்தது. ஒன்றேனும் பிழைத்ததே என்று ஆறுதல் கொண்டோம். ஓராண்டு நிறைந்தும் அவனுக்குத் தலை நிற்கவில்லை, கால்கள் விறைத்தன. மூளை முடக்குவாதம் என்றனர் மருத்துவர். திருமண வீடொன்றில் மூதாட்டி ஒருவர், "கூடப் பிறந்ததைத் தின்றுவிட்டுப் பிறந்த பிள்ளை" என்றார். "வயிற்றுப் பிள்ளையோடு எதைத் தூக்கினாய் அம்மா?" என்று மற்றொருவர் தங்கையிடம் கேட்டார். அன்று முதல் அவள் விருந்துக்கும் திருமணத்துக்கும் செல்வதில்லை. அவ்விரு சொற்களும் உண்மைக்குப் புறம்பானவை என்று எடுத்துரைப்பது எம் கடமை.

இரட்டையர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். தனித்தனி நஞ்சுக்கொடி உடையோர் ஒரு வகையினர். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டுக் கொள்வோர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையில் இருவர்தம் குருதிக் குழாய்களும் நஞ்சுக்கொடியினுள் இணைந்திருக்கும். ஒருவரின் இதயம் நின்றதும் அவ்வுடலில் குருதி அழுத்தம் வீழ்கிறது. மடை உடைந்தால் மேட்டு வயலின் நீர் பள்ளத்து வயலுக்குப் பாய்வதுபோல, உயிருள்ள குழவியின் குருதி இறந்த உடலுக்குள் பாய்கிறது. எஞ்சிய குழவியின் மூளைக்குக் குருதியும் உயிர்வளியும் திடீரெனக் குன்றுகின்றன. மூளையில் காயம் உண்டாவது இவ்வாறே. எம் மருமகன் உடன்பிறப்பை விழுங்கியவன் அல்லன். உடன்பிறப்பிடம் தன் குருதியை இழந்தவன். தாய் தூக்கிய குடத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.

2011இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, இத்தகைய இழப்பிற்குப்பின் எஞ்சியவருள் ஒரே நஞ்சுக்கொடி உடையோரில் நூற்றுக்கு 26 பேருக்கும், தனி நஞ்சுக்கொடி உடையோரில் 2 பேருக்கும் நரம்பு வளர்ச்சிக் குறை கண்டதாகக் கூறுகிறது. ஆகவே பலர் நலமாகவே வளர்கின்றனர். "உடனே வெளியில் எடுத்திருக்கலாமே" என்பாரும் உளர். இறப்பு தெரியவரும் முன்னரே பெரும்பாலும் காயம் நேர்ந்துவிடுகிறது. அவசரப் பிரசவம் அதனை மீட்காது, குறைமாதப் பிறப்பின் இடரையே கூட்டும்.

செய்யத்தக்கனவும் உள. 11 முதல் 14 வாரத்திற்குள் எடுக்கும் ஸ்கேன், நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதைக் காட்டும். ஒன்றெனில் 16ஆம் வாரம் முதல் இரு வாரத்திற்கு ஒருமுறை பார்த்துவருதல் வேண்டும். இருவரிடையே குருதிப் பகிர்வு சமன் கெட்டால், இணைப்புக் குழாய்களை லேசர் கதிரால் அடைக்கும் மருத்துவமும் உண்டு. காயமுற்ற குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சியை விரைந்து தொடங்குதல் நலம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

இன்று எம் மருமகன் சக்கர நாற்காலியில் பள்ளி செல்கிறான். எம்மைக் கண்டால் "மாமா" என்றழைத்துச் சிரிக்கிறான். எத்தனை பிள்ளைகள் என்று கேட்போரிடம் தங்கை "இரண்டு" என்றே விடை கூறுகிறாள். இருக்கும் பிள்ளையைப் பேணும் கைகளுக்கு, இல்லாத பிள்ளைக்காக அழும் உரிமையும் உண்டன்றோ?

சமுதாயப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே! இத்தகைய தாயொருத்தியை நீங்களும் ஒரு திருமண வீட்டில் காணக்கூடும். காரணம் கேளாதீர்கள். பந்தியில் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டு, அப்பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.