35க்குள் இருந்தால் போதுமா?

புதுச்சேரி கோரிமேட்டில் பேருந்து நின்றதும் இறங்கியவர்களில் பாதிப்பேர் ஜிப்மர் வாசலுக்குத்தான் நடந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஆஸ்பத்திரி இது. மண்டலப் புற்றுநோய் மையத்தின் புறநோயாளர் கூடத்தில் ஆளுக்கொரு கனத்த ஃபைல்.

பக்கத்தில் இருந்த அம்மா விழுப்புரம் பக்கம். சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து செக்கப்புக்கு வந்திருக்கிறார். இந்தப் புற்றுநோயைக் கண்காணிக்க எடுக்கும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை விரித்துக் காட்டினார்: 9, 14, 22. "முப்பத்தஞ்சுக்குள்ளதானே இருக்கு?" என்றார். "எல்லாத்தையும் வரிசையா டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்றேன்.

35 யூனிட் என்பது எல்லாருக்கும் பொதுவான எல்லை. ஆனால் அவரவர் ரத்தத்துக்கு அவரவர் வழக்கமான அளவு உண்டு. இவருடையது எல்லையைத் தாண்டாமலே இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அதற்காக உடனே பயப்படவும் வேண்டாம். வேறு உடல்கோளாறாலும் இந்த அளவு கூடும். அதனால்தான், சிகிச்சையில் இயல்புக்கு இறங்கியவருக்கு அளவு 70ஐ எட்டி, ஒரு வாரமாவது கழித்து எடுத்த இரண்டாம் பரிசோதனையும் அதை உறுதிப்படுத்தினால்தான், நோய் முன்னேறியதாக மருத்துவ ஆய்வுகளில் கணக்கிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட அளவுகளைக் கணக்கிட்டு ஆராயும் உயிர்ப்புள்ளியியல் துறையும் இந்த வளாகத்திலேயே உண்டு. அந்த இயலின் கணக்குப்படி, ஒரே ஆளின் பத்து அளவுகள் பத்துப் பேரின் அளவுகளுக்குச் சமமாகாது. ஒவ்வொருவருக்கும் தொடக்க அளவையும் ஏறும் வேகத்தையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

கூடத்தில் ஒரு பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. பேருந்துக் காசு இல்லையோ, உடம்பு முடியவில்லையோ, குணமாகி நடவுக்குப் போனாரோ! நோய் முற்றியவர்கள் வராமல் நின்றுவிட, வந்தவர்களின் சராசரியை மட்டும் எடுத்தால் எல்லாரும் தேறுவதுபோலத் தோன்றும். ஆகவே அளவு ஏறும் பாதையையும் நோய் திரும்பும் அல்லது உயிர் பிரியும் காலத்தையும் ஒரே கணக்கில் பிணைக்கும் 'கூட்டு மாதிரி' முறை வந்தது.

அளவு ஏறினாலே மருந்து என்றும் இல்லை. 529 பெண்களிடம் நடந்து 2010இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், சி.ஏ.125 உயர்ந்ததும் மருந்து தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. அறிகுறியையும் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவெடுப்பார்.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதிவாரியாக அடுக்குங்கள். முடிந்தவரை ஒரே லேபில் பரிசோதியுங்கள். உடம்பு நன்றாக இருந்தாலும் சொன்ன தேதிக்குப் போங்கள்.