ஏணி இல்லாத சாம்பியன்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 110 கி.மீ. தூரத்தில், கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதி சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது நாயுடுபேட்டை. 1953 வரை சென்னை மாநிலத்து ஊர். பிறகு ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். லாரிகள் நின்று போகும் இந்த ஊரில் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவருக்கு, இன்று களத்தில் இல்லாத ஒரு கால்பந்து கிளப் மீது இன்னும் கோபமும் பிரியமும் தீரவில்லை. கிளப்பின் பெயர் சென்னை சிட்டி. 2019ல் இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன். 2021ல் லீகிலேயே இல்லை.

சாம்பியன் பட்டம் வென்ற அணி எப்படி இரண்டே வருடங்களில் காணாமல் போகும்? கடைக்கு வரும் டிரைவர்கள் கேட்டால் அவர் பட்டென்று சொல்லும் பதில் இதுதான்: "மேலே போக ஏணி கிடையாது. கீழே விழுந்தால் தாங்க வலை கிடையாது. வேறென்ன ஆகும் அண்ணா?"

எண்பதுகளின் கடைசியில் அவர் சென்னையில் பாலிடெக்னிக் படித்தார். மாலையில் நகர லீகின் கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடினார். பூட்ஸ் சொந்தம், ஜெர்சி பொதுச் சொத்து. ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்துக் கால்பந்துக்காரனின் கனவு கோப்பை அல்ல, வேலை. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., போலீஸ் என்று அலுவலக அணிகள்தான் சென்னைக் கால்பந்தை ஆண்டன. நன்றாக உதைக்கத் தெரிந்தவனுக்கு வங்கியில் நாற்காலி. தேசிய லீகில் தமிழ்நாட்டின் கொடியைத் தூக்கிப் பிடித்ததும் இந்தியன் வங்கிதான். அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. அப்பாவின் கடைக்குத் திரும்பினார்.

வங்கிகளும் அரசு நிறுவனங்களும் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. அந்த அணிகள் மங்கின. 2007ல் தேசிய லீக், ஐ-லீக் என்று புதுப் பெயர் எடுத்தது. அடுத்த ஒன்பது ஆண்டுகள் அதன் முதல் டிவிஷனில் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை. 2014ல் பணமும் நட்சத்திரங்களுமாக இந்தியன் சூப்பர் லீக் வந்தது. சென்னைக்கும் சென்னையின் எஃப்.சி. கிடைத்தது. அந்த அணி 2015லும், 2017-18 சீசனிலும் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. நம்முடைய கடைக்காரர் கை தட்டினார், ஆனால் மனசு ஒட்டவில்லை. "அது ஷோரூமில் வாங்கிய வண்டி" என்கிறார். "சென்னை சிட்டி ஷெட்டில் வைத்துக் கூட்டிச் சேர்த்த வண்டி."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னை சிட்டியின் வேர் 1946ல் என்கிறார்கள். நகர லீகில் புழுதியைத் தின்று வளர்ந்த அணி. 2016 கடைசியில் ஐ-லீகுக்குப் புதிய அணிகளைச் சேர்க்க அகில இந்திய கால்பந்து சம்மேளனம் விண்ணப்பம் கேட்டபோது, சென்னை சிட்டிக்கு நேரடி இடம் கிடைத்தது. 2017 ஜனவரியில் முதல் சீசன். சென்னை நேரு ஸ்டேடியம் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். நாயுடுபேட்டையில் ரயில் ஏறினால் ஆட்டம் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். கேலரியில் ஆளை எண்ணிவிடலாம். ஆனால் அந்த வருடம் கொல்கத்தாவின் மோகன் பகானை 2-1 என்று தோற்கடித்தார்கள். நூறாண்டு தாண்டிய கிளப்பை, கீழ் டிவிஷன் வாசனை இன்னும் போகாத அணி வீழ்த்தியது. அன்றிலிருந்து அவர் அந்த அணியின் ஆள்.

மற்றபடி முதல் இரண்டு சீசன்களும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான். இரண்டாவது சீசனில் அணி சென்னையை விட்டுக் கோவை நேரு ஸ்டேடியத்துக்குக் குடிபோயிற்று. நாயுடுபேட்டைக்காரருக்கு இது ஓர் இரவுப் பயணம். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. அணியில் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இடது ஓரத்தில் பந்தைக் கொண்டு பறந்துகொண்டிருந்தார். நல்ல ஆட்டக்காரர்களுக்கு நேர்வதுதான் அவருக்கும் நேர்ந்தது. 2018ல் சூப்பர் லீக் அணியான ஜாம்ஷெட்பூர் அவரை அழைத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிய சிலரை அழைத்து வந்தார்கள். பெத்ரோ மான்சி, நெஸ்தர் கோர்தியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நாசெட் சந்தானா. அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள். தூக்கி அடித்துவிட்டு ஓடுவதை மறந்து, பந்தைத் தரையிலேயே வைத்துச் சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கினார்கள். மான்சி மட்டும் 21 கோல் போட்டார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்க முன்வந்தது.

2019 மார்ச் 9. கடைசி நாள். சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபை வென்றால் பட்டம். தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் முந்திவிடலாம். கடைக்காரர் பதின்மூன்று வயது மகனையும் அழைத்துப் போயிருந்தார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் மினர்வா கோல் போட்டது. இடைவேளை வரை அதே நிலை. கோழிக்கோட்டு ஸ்கோரைச் செல்போனில் பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் வெளுத்தார்கள். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு அசாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில், ஐ-லீக் பட்டம் முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

திரும்பும் ரயிலில் மகன் சொன்னான்: "நைனா, நானும் ஆடணும்."

வீட்டில் அம்மாவுக்கு ஒரே கேள்விதான்: "பந்து சோறு போடுமா?" அவர் காலத்தில் அதற்குப் பதில் இருந்தது, வங்கி வேலை. இப்போதும் ஒரு பதில் கிடைத்துவிட்டதாக அவர் நினைத்தார். ஊர் லீகிலிருந்து கிளம்பிய அணி நாட்டின் சாம்பியன் ஆகுமென்றால், ஊர்ப் பையனுக்கும் வழி இருக்கும். பையனைச் சென்னையில் அத்தை வீட்டில் விட்டு, பயிற்சிக்கு அனுப்புவது என்று பேச்சு நடந்தது.

ஏப்ரலில் இன்னொரு சந்தோஷம். புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில், மார்ச்சில் சூப்பர் லீக் பட்டம் வென்றிருந்த பெங்களூரை, சுனில் சேத்ரியின் பெங்களூரை, சென்னை சிட்டி 2-1 என்று தோற்கடித்தது. ஐ-லீகின் சாம்பியன், சூப்பர் லீகின் சாம்பியனை நேருக்கு நேர் வென்றாயிற்று. வேறு எந்த நாடாக இருந்தாலும் இதற்குப் பரிசு மேல் லீகில் ஓர் இடமாக இருக்கும். இந்தியாவில் அப்படி ஒரு கதவே அப்போது இல்லை. சூப்பர் லீகில் இடம் என்பது பணம் கட்டி வாங்கும் உரிமை, வென்று பெறும் உரிமை அல்ல. அதே 2019ல் சூப்பர் லீக்தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவானது. ஐ-லீக் சாம்பியன் இடம் மாறாமலேயே ஒரு படி கீழே போனார்.

இது இந்தியாவில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டர் ரைனோஸ் கிளப்பின் கதை இதற்கு அண்ணன். 1996ல் இரண்டாம் நிலை லீகில் ஆடத் தொடங்கிய அணி. 1999ல், எல்லா நிலை அணிகளும் மோதும் யு.எஸ். ஓப்பன் கோப்பையில் மேஜர் லீகின் நான்கு அணிகளை வரிசையாக வீழ்த்தி, இறுதியில் கொலராடோவை 2-0 என்று வென்றது. அதற்குப் பிறகு மேஜர் லீகுக்கு வெளியிலிருந்து எந்த அணியும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. பெருங்கூட்டம் வந்தது, 2006ல் கால்பந்துக்கென்றே ஸ்டேடியமும் எழும்பியது. ஆனால் மேஜர் லீகில் சேர கோப்பை போதாது, கட்டணம் வேண்டும். 2017 சீசனோடு ஆட்டம் நின்றது. 2022ல் வேறு பெயரில் திரும்பி வந்து, 2023 மார்ச்சில் ஒரேயடியாக மூடப்பட்டது.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. 2002ல் விம்பிள்டன் கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் கூடி ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அடிமட்டத்து லீகிலிருந்து ஒன்பது சீசன்களில் ஐந்து முறை மேலேறி, 2011ல் தேசிய ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தார்கள். அந்த ரசிகர்கள் ராசெஸ்டர்காரர்களைவிடப் பணக்காரர்கள் அல்ல. அவர்கள் ஊரில் ஏணி இருந்தது, அவ்வளவுதான். தோற்றாலும் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும். ஜெயித்தால் அடுத்த படி எது என்றும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் ஒருவர் பணம் போடுகிறார், ஒருவர் டிக்கெட் வாங்குகிறார், ஒருவர் பிள்ளையை அனுப்புகிறார்.

சென்னை சிட்டிக்குக் கிடைத்த பரிசு ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்று. 2020 ஜனவரி 14 அன்று பஹ்ரைனின் அல் ரிஃபாவுடன் ஆட்டம். சொந்த ஊர் ஆட்டம்தான், ஆனால் நடந்தது கோவையில் அல்ல, அகமதாபாத்தில். 0-1 என்று தோல்வி. மான்சி அதே மாதம் ஜப்பானுக்குப் போனார். சூசைராஜைத் தொடர்ந்து ரொமாரியோவும் சூப்பர் லீக் அணிக்குப் போய்விட்டிருந்தார். மார்ச்சில் கொரோனா. அடுத்த சீசன் முழுவதும் 2021ல் மேற்கு வங்கத்தில், ஹோட்டலும் மைதானமுமாக அடைத்துவைத்து நடத்தப்பட்டது. உள்ளூர் ரசிகர் என்ற வார்த்தைக்கே அர்த்தமில்லாத சீசன். சென்னை சிட்டி முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. உரிம விதிகளைத் தாண்ட முடியாததால் 2021-22 ஐ-லீக் பட்டியலில் அதன் பெயரே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே பட்டியலில் ஆந்திரத்தின் பெயரில் ஓர் அணி இருந்தது. விசாகப்பட்டினத்துக்கான உரிமையோடு வந்த ஸ்ரீநிதி டெக்கான். அதன் சொந்த மைதானம் பிறகு ஹைதராபாத்தில் அமைந்தது. நாயுடுபேட்டை நண்பர்கள் சொன்னார்கள்: "இனி நம் ஊர் அணியைப் பார், அண்ணா." பார்த்தார். ஆட்டம் பிடித்தது. ஆனால் ஹைதராபாத் என்றதும் அவருக்கு வேறொரு பெயர் ஞாபகம் வருகிறது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்ற ஹைதராபாத் நகரப் போலீஸ். அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்தான் 1956ல் இந்தியாவை மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கும், 1962ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கத்துக்கும் கொண்டு சென்றவர். ஒரு துறையின் தயவில் வாழ்ந்த அணி அது. தயவு குறைந்ததும் மங்கியது. போலீஸானாலும், வங்கியானாலும், தனியார் முதலாளியானாலும், கிளப் ஒரே ஒரு தூணில் நின்றால் முடிவு ஒன்றுதான்.

பெரியவர்களுக்கு ஒரு விஷயம் தாமதமாகவாவது புரிந்தது. ஐ-லீக் சாம்பியன் கட்டணம் இல்லாமல் சூப்பர் லீகுக்குள் வரலாம் என்ற விதி 2022-23 சீசனில் அமலுக்கு வந்தது. 2023ல் பஞ்சாப் அணியும், 2024ல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அந்த வழியாக ஏறின. மினர்வா என்ற பெயரில் அன்று கோவையில் 3-1 என்று தோற்ற அதே பஞ்சாப் கிளப்தான், கை மாறிப் பெயர் மாறி முதலில் ஏறியது. தோற்றவர் தாக்குப்பிடித்தார். ஜெயித்தவருக்குக் கதவு நான்கு வருடம் தாமதமாகத் திறந்தது.

கதவு திறந்த வருடம் மகனுக்குப் பதினேழு வயது. அத்தை வீட்டுத் திட்டம் கொரோனாவோடு நின்றுபோயிருந்தது. டிப்ளமோ முடித்து, இப்போது மேனகூரு தொழிற்பேட்டையில் வேலை. சம்பளம் ஒழுங்காக வருகிறது. அம்மாவின் கேள்விக்குப் பந்து பதில் சொல்லவில்லை, இயந்திரம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை சொர்ணமுகி ஆற்றுப் பக்கம் சக தொழிலாளிகளோடு ஆடுகிறான். இடது காலால் நன்றாக உதைக்கிறான் என்கிறார்கள். அப்பா அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசினால், அந்த இரண்டு வருடத்தில் அனுப்பியிருக்கலாமோ என்ற கணக்கு வரும். அந்தக் கணக்கை அவர் போட விரும்பவில்லை.

ஆனால் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது நகர லீகின் கீழ் டிவிஷன் ஆட்டம் எங்காவது நடந்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார். டிக்கெட் கிடையாது, டி.வி. கேமரா கிடையாது. பார்வையாளர்கள் முக்கால்வாசியும் ஆடுகிறவர்களின் சொந்தக்காரர்கள். அங்கே ஒரு விதி மட்டும் அவர் ஆடிய நாளிலிருந்து மாறவில்லை. முதலிடத்துக்கு வருகிற அணி அடுத்த வருடம் மேல் டிவிஷனில் ஆடும்.