பனிவெளியில் ஒரு பாடசாலை

ஒஸ்லோ நகரிலிருந்து பேர்கன் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் புகையிரதம், மலைமீது ஏற ஏற மரங்களையெல்லாம் பின்னே விட்டுச் செல்கின்றது. முதலில் ஊசியிலைக் காடுகள் மறைகின்றன. பின்னர்ப் பூர்ச்ச மரங்களும் குட்டையாகிக் குட்டையாகி இல்லாதொழிகின்றன. எஞ்சுவது வெண்மை ஒன்றே. வானம் எங்கே முடிகின்றது, நிலம் எங்கே தொடங்குகின்றது என்று தேடிக் கண் சலிக்கின்றது. அந்த வெண்மையின் நடுவே வண்டி நின்றது. நிலையத்தின் பெயர்ப்பலகை ‘ஃபின்சே’ என்றது. கடல்மட்டத்திலிருந்து உயரம் 1222 மீற்றர் என்றும் அதிலே குறித்திருந்தார்கள்.

நோர்வே நாட்டுப் புகையிரதப் பாதையில் மிக உயர்ந்த நிலையம் இதுவே. இவ்வூருக்கு மோட்டார் வீதி கிடையாது. இரும்புப் பாதை ஒன்றே இதை உலகத்தோடு இணைக்கின்றது. ஆயினும் இந்த உயரம் நமக்குப் புதிதன்று. நமது மலைநாட்டுப் பாதையிலுள்ள பட்டிப்பொளை நிலையம் 1891 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே இறங்குபவருக்கு ஒரு கம்பளிச் சட்டை போதும். அதைவிட எவ்வளவோ தாழ்ந்த ஃபின்சேயிலோ மார்ச் மாதத்திலும் ஏரி கல்லாய் உறைந்து கிடந்தது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 60 பாகைக்கும் அப்பால் இருப்பதே அதற்குக் காரணம். உயரம் மட்டுமன்றி அகலக்கோடும் குளிரை நிர்ணயிக்கின்றது என்று பாடசாலையில் படித்தது, வண்டியின் படியில் கால் வைத்த கணத்திலேயே மூக்கு நுனிக்கு விளங்கிவிட்டது.

கடுங்குளிர் நாடுகளில் பிரயாணஞ் செய்யும் குழுக்களுக்கு வைத்தியம் பார்ப்பதையும், அத்தகைய குழுவை நடத்திச் செல்வதையும் ஒரு கிழமை கற்பதற்காகவே அங்கு சென்றிருந்தேன். வைத்தியர்களும் தாதியருமாக நாங்கள் பன்னிருவர். “வியர்வை சொட்டும் ஊரில் வைத்தியம் பார்க்கும் உமக்கு இது எதற்கு?” என்று புறப்படுமுன் வீட்டிலே கேட்டார்கள். அப்போது என்னிடம் தக்க விடை இருக்கவில்லை.

துருவம் சென்றோரின் வாயில்

ஃபின்சே சிற்றூராயினும் அதன் சரித்திரம் சிறிதன்று. 1909 ஆம் ஆண்டு நவம்பரில் பேர்கன் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின்னர், துருவப் பிரயாணிகளுக்கு இது எளிதில் அணுகக்கூடிய பனிப் பயிற்சிக் களமாயிற்று. ஏர்னெஸ்ட் ஷாக்கிள்டன் 1914 ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் அந்தாட்டிக் பிரயாணத்துக்கான கூடாரங்களையும் மோட்டார்ச் சறுக்குவண்டிகளையும் இங்கேதான் சோதித்துப் பார்த்தார். தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912 ஆம் ஆண்டு மாண்ட கப்டன் ஸ்கொட்டுக்கும் அவர் தோழருக்கும் இவ்வூரிலே ஒரு நினைவுக்கல் உண்டு.

ஊருக்குத் தெற்கே ஹர்டாங்கர் மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. தென்துருவத்தை முதலில் அடைந்த ரோல்ட் அமுண்ட்சன், 1896 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தம் சகோதரரோடு இம்மேட்டுநிலத்தைக் கடக்க முயன்றார். புயலில் வழி தவறியது, உணவும் போயிற்று. ஓரிரவு பனியைத் தோண்டி அதனுள் படுத்தவரைச் சூழ்ந்து பனி இறுகிவிட்டது. சகோதரர் தோண்டி எடுத்திராவிடின் அமுண்ட்சனின் பெயரை இன்று எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். பிற்காலத்தில் ஒவ்வொரு முடிச்சையும் பலமுறை சோதித்த பின்னரே புறப்படும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவ்வழக்கத்தின் முதற்பாடத்தை இந்த மேட்டுநிலமே புகட்டியிருக்கவேண்டும்.

குளிரின் இலக்கணம்

எங்கள் ஆசிரியர் நோர்வே நாட்டு முதிய வைத்தியர், சொற்சிக்கனமுடையவர். முதல் நாள் மருந்துப் பெட்டியை அவர் திறக்கவேயில்லை. காலுறைகளையும் கையுறைகளையும் மேசைமேல் பரப்பி, “உங்கள் மருந்துகளுள் பாதி இங்கே இருக்கின்றன” என்றார்.

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்கும்போது வெப்பத்தாழ்வு எனும் நோய் தொடங்குகின்றது. உடல் நடுங்குகின்றது. நடுக்கம் நோயன்று, தசைகள் அசைந்து வெப்பம் உண்டாக்கும் தற்காப்பு. உள்வெப்பம் 32 பாகையளவுக்குத் தாழும்போது நடுக்கம் ஓய்கின்றது. அறியாதவர் “தேறிவிட்டார்” என எண்ணும் அந்த வேளையே பேராபத்தின் வேளை. 28 பாகைக்கும் கீழே இருதயம் மிகவும் பலவீனமடைவதால், நோயாளியை முரட்டுத்தனமாகப் புரட்டினாலே அதன் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். ஆகவே அத்தகையவரைப் படுத்த நிலையிலேயே, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல மெல்லத் தூக்கவேண்டும்.

வெப்பமானியைக் காட்டிலும் முந்திக்கொண்டு உண்மை சொல்பவை நடையும், நாவும், விரல்களுமே. நடை தடுமாறும், பேச்சுக் குழறும், பொத்தானைப் பூட்ட விரல் தவறும், நல்லவரும் சிடுசிடுப்பார், அல்லது திடீரென மௌனமாகிவிடுவார்.

பனிக்கடியைப் பற்றியும் கற்றோம். நெப்போலியனின் படை 1812 ஆம் ஆண்டு ருசியாவிலிருந்து பின்வாங்கியபோது, உறைந்த கால்களை நெருப்பருகே சூடேற்றி, மறுநாள் மீண்டும் பனியில் நடந்த வீரர்கள் கால்களை இழந்தனர். அதைக் கண்ட படை வைத்தியர் லாரே, நெருப்பை விலக்கிப் பனியால் தேய்க்கும்படி கூறினார். நூறாண்டுக்கும் மேலாக உலகம் அதையே பின்பற்றியது. தேய்ப்பது உறைந்த தசையைச் சிதைக்கும் என்பதை இன்று அறிவோம். 37 முதல் 39 பாகை வரை சூடுள்ள நீரில் உறுப்பை அமிழ்த்துவதே தக்க முறை. ஆயினும் லாரே கண்டதில் ஒரு பகுதி மெய்யே: மீண்டும் உறையக்கூடுமாயின் உருக்குதல் கூடாது. உருகி மறுபடி உறைந்த கால், உறைந்தபடியே நடந்த காலைவிடப் பெருங்கேடடையும்.

நம்பிக்கையைக் கைவிடலாகாது என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்றுண்டு. 1999 ஆம் ஆண்டு மே மாதத்தில், நார்விக் நகருக்கு அண்மையிலுள்ள மலையருவியில் பனிக்கட்டியின் கீழ் ஓர் இளம் பெண் வைத்தியர் 80 நிமிடம் அகப்பட்டுக்கொண்டார். இருதயம் நின்றுவிட்டது, உடல் வெப்பம் 13.7 பாகை. துரொம்சோ வைத்தியசாலையில் அவருடைய இரத்தத்தை இயந்திரத்தின் மூலம் மெல்லச் சூடேற்றி உயிர்ப்பித்தனர். அவர் மீண்டும் வைத்தியத் தொழிலுக்கே திரும்பினார். குளிர்ந்து கிடப்பவரைச் சூடேற்றிப் பார்க்குமுன் இறந்தவரெனக் கொள்ளலாகாது என்பது அவ்வைத்தியர்களின் விதி.

என்னுடைய முறை

ஒவ்வொரு நாளும் எங்களுள் ஒருவர் தலைமை தாங்கவேண்டும் என்பது ஏற்பாடு. நான்காம் நாள் என் முறை வந்தது. ஹர்டாங்கர் பனியாற்றின் ஒரு கிளை ஃபின்சேக்கு அருகே நாக்குப்போல இறங்கி நிற்கின்றது. ‘புளோயீசன்’, அதாவது நீலப்பனி, என்பது அதன் பெயர். அதன் விளிம்புவரை சறுக்குப் பலகைகளில் சென்று, கூடாரமடித்துத் தங்குவது திட்டம்.

காலையில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 14 பாகை, காற்றில்லை. நண்பகலுக்குப் பின் காற்று எழுந்தது. அதே 14 பாகை கன்னத்தைச் சவரக்கத்திபோல் அறுத்தது. எங்களுள் மிகுந்த உடல்வலிமை வாய்ந்தவர் ஒரு ஜேர்மானிய இளைஞர். பாரமான சறுக்குவண்டியைத் தாமே விரும்பி இழுத்து வந்தார். கிழமை முழுவதும் எங்களைச் சிரிக்கவைத்தவரும் அவரே. அவர் கையிலிருந்த ஊன்றுகோல் நழுவி விழுந்ததைக் கண்டேன். சிறிது தூரம் சென்றதும் இரண்டாம் முறையும் விழுந்தது. அவருடைய சிரிப்பொலி கேட்டு நெடுநேரமாயிற்று என்பதும் மனத்தில் பட்டது. ஆனால் நீலப்பனி கண்முன்னே தெரிந்தது. இன்னும் ஒரு கிலோமீற்றரே இருந்தது. “நலந்தானா?” என்று உரக்கக் கேட்டேன். “நலம்” என்றார். நான் முன்னே நடந்தேன்.

எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசாத கனடா நாட்டுத் தாதி ஒருவர் விரைந்து வந்து என் தோளைத் தொட்டார். “டொக்டர், அவர் முகத்தைப் பாருங்கள்” என்றார். அருகே சென்று பார்த்தேன். கன்னத்தில் நாணயமளவு மெழுகுபோல் வெளுத்திருந்தது. ஒரு கையுறை மணிக்கட்டில் வெறுமனே தொங்கியது. பெயரைக் கேட்டபோது நாக்குக் குழறியது.

காற்றுக்கு முதுகு காட்டி நின்று, நால்வர் உட்காரக்கூடிய பெரிய துணிப்பைக்குள் அவரை அழைத்துச் சென்றோம். காலையில் வண்டி இழுத்தபோது வியர்த்து நனைந்த உட்சட்டையோடு அவ்வளவு நேரமும் வந்திருக்கின்றார். மேலதிகக் கையுறையையோ வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஈரச் சட்டையைக் களைந்து உலர்ந்ததை அணிவித்தோம். கீழே தடித்த பாய் விரித்தோம். காற்றைப்போலவே நிலமும் உடற்சூட்டைக் களவாடும். சீனி கரைத்த சுடுபானத்தைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தோம். கன்னத்தில் வெறுங்கையை வைத்து, தேய்க்காமல் மூடிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையின் கீழே நிறம் திரும்பியது. அவர் நன்றாக நடுங்கத் தொடங்கினார். அந்த நடுக்கத்தைக் கண்டு நான் மகிழ்ந்ததுபோல் எதைக் கண்டும் மகிழ்ந்ததில்லை.

நீலப்பனி இன்னும் எதிரே நின்றது. திரும்புவோம் என்றேன். காற்றை முதுகில் ஏந்தி, வழிகாட்டப் பனியில் நட்டிருந்த கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணியபடி, இருளுமுன் ஊர் வந்து சேர்ந்தோம்.

ஆசிரியரின் கேள்வி

வழி முழுவதும் பின்னே வந்த ஆசிரியர் ஒன்றும் கூறவில்லை. இரவு உணவின் பின் கேட்டார்: “முதலில் எப்போது கண்டீர்கள், டொக்டர்?”

ஊன்றுகோல் விழுந்தபோது என்றேன்.

“நின்றது எப்போது?”

இருபது நிமிடத்தின் பின்.

“அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் அறியாதிருந்தது என்ன?”

விடை கூற முடியவில்லை. அறியவேண்டியவை யாவையும் அறிந்தே இருந்தேன். போய்ச் சேரவேண்டும் என்ற ஆசை அறிவை மறைத்து நின்றது.

அவர் கடிந்துகொள்ளவில்லை. ஃபின்சேயில் சோதனை நடத்திய ஷாக்கிள்டனின் கதையைத் தொடர்ந்தார். அவருடைய கப்பல் பனிக்கட்டியில் நொறுங்கி 1915 ஆம் ஆண்டு மூழ்கியது. மறு ஆண்டு ஏப்ரலில் அவருடன் 28 பேரும் யானைத் தீவை அடைந்தனர். உதவி தேடி ஷாக்கிள்டன் ஐவருடன் படகேற, எஞ்சிய 22 பேரும் பிராங்க் வைல்ட் என்பவரின் தலைமையில் கவிழ்த்த இரு படகுகளின் கீழே வாழ்ந்தனர். களவாகக் கப்பலேறி வந்த பிளாக்பொரோ எனும் இளைஞரின் இடக்கால் விரல்கள் பனியால் அழுகின. ஜூன் மாதத்தில், படகின் கீழேயே, வைத்தியர்களான மக்கில்றோயும் மக்ளினும் அவ்விரல்களை வெட்டி எடுத்தனர். குளோரோபோம் கடுங்குளிரில் ஆவியாகாது. எனவே பென்குவின் தோல்களை எரித்து அக்குடிசையை முதலில் சூடாக்க வேண்டியிருந்தது. வைத்தியர்கள் கத்தி எடுத்தனர். கத்தி எடுக்கத்தக்க சூட்டை ஏனையோர் உண்டாக்கினர். “தலைவர் இன்று வரலாம், படுக்கைகளைச் சுருட்டுங்கள்” என்று வைல்ட் காலைதோறும் சொல்லி வந்தார். 1916 ஆகஸ்ட் 30 ஆம் நாள் மீட்புக் கப்பல் வந்தபோது 22 பேரும் உயிரோடிருந்தனர்.

பின்பு ஆசிரியர் சுவரிலிருந்த ஒரு தாளைச் சுட்டினார். 1967 ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் மாண்டதன் பின்னர் நாடெங்கும் பரப்பப்பட்ட மலைவிதிகள் அவை. ஒன்பது விதிகளுள் எட்டாவது, காலத்தோடு திரும்புக, திரும்புவதில் வெட்கமில்லை என்ற கருத்துடையது. அந்நாட்டுக் குழந்தைகளும் அதை அறிவர். “இன்று அதைச் செய்தீர்கள், நாளை இருபது நிமிடம் முந்திச் செய்யுங்கள்” என்று கூறி எழுந்து சென்றார்.

கிழமை முடிவில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்து நின்றோம். எவரும் ஏவாமலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜேர்மானிய இளைஞர் என் கன்னத்தை உற்று நோக்கி, “நலம்” என்று தீர்ப்பளித்துச் சிரித்தார்.

இன்று எங்கள் விடுதியில் மின்விசிறியின் கீழே காலைச் சுற்று வரும்போது, “எப்படி இருக்கிறது?” என்று கேட்பதற்கு முன்னர் நோயாளியின் கைகளைப் பார்க்கின்றேன். நேற்றுப் பேசியவர் இன்று மௌனமாயிருந்தால் அந்தக் கட்டிலருகே நின்றுவிடுகின்றேன். பனி எதற்கு என்று வீட்டிலே கேட்டவர்களுக்கு இதையே விடையாகச் சொன்னேன்.